இரண்டு மேரிகள்: இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

இங்கிலாந்து அரசி முதலாம் மேரியையும் ஸ்காட்லாந்து அரசி மேரியையும் பலர் ஒருவரென்றே நினைத்துக் குழம்புகிறார்கள். இருவரும் 16ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க அரசிகள். ஒற்றுமை பெரும்பாலும் அதோடு சரி.

முதலாம் மேரி அரியணையைப் போராடிப் பெற்றவர். 1553இல் அரசவையினர் அவருடைய உறவுக்காரப் பெண் ஜேன் கிரேயை அரசியாக அறிவித்த பிறகும், ஆள் திரட்டி வந்து லண்டனுக்குள் நுழைந்தார். சுங்க வரியைச் சீர்திருத்தினார், நிர்வாகம் தெரிந்தவர். ஆனால் சுமார் 280 புராட்டஸ்டண்டுகளை உயிரோடு எரித்ததற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. 1558 நவம்பரில், பிள்ளையில்லாமல், நோயில் இறந்தார்.

மற்றவர் பிறந்த ஆறாம் நாளே அரசி. பிரான்சில் வளர்ந்து, கணவரை இழந்து, 1561இல் ஸ்காட்லாந்து திரும்பினார். நாடு புராட்டஸ்டண்டாக மாறியிருந்தது. தன் மதத்தை அவர் யார்மேலும் திணிக்கவில்லை. இந்த விஷயத்தில் என் மரியாதை இவருக்கே. அப்புறம்தான் சறுக்கல். இரண்டாம் கணவர் டார்ன்லி 1567 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். மூன்றே மாதத்தில், கொலைப்பழி சுமந்த பாத்வெல்லையே மணந்தார். மணிமுடி பறிபோனது. இங்கிலாந்துக்கு ஓடிவந்தவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 19 ஆண்டுச் சிறை.

கடைசியில் தலைவெட்டும் தண்டனை: 1587 பிப்ரவரி 8, இங்கிலாந்தின் ஃபாதரிங்கே கோட்டை. கறுப்பு மேலாடையைக் களைந்தபோது உள்ளே இருந்தது செந்நிற உடை, மதத்துக்காக உயிர்விடும் மறைசாட்சிகளின் நிறம். முதல் வெட்டு கழுத்தில் விழாமல் பின்தலையில் விழுந்தது. அவருடைய குட்டி நாய் பாவாடைக்குள் ஒளிந்திருந்தது.

ஆளத் தெரிந்தவர் முதலாமவர்தான். வாரிசு விட்டுச்சென்றவர் இரண்டாமவர்: மகன் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னரானார்.