செகண்ட் ஹேண்ட் ஆக்சியா, பினாங்கு டவுன்ல ஆறரை வருஷம்

2019 மார்ச்ல வாங்குன காடி. பெரோடுவா ஆக்சியா, மலேசியாவுல செய்யற சின்ன காடி, 2015 மாடல், ஜி ரகம், ஆட்டோ கியர், வெள்ளை கலர், வாங்குறப்ப மீட்டர்ல 58,000 கிலோமீட்டர். இன்னைக்கு காலைல வேலைக்கு போறப்ப பாத்தேன், 141,000 தாண்டிடுச்சு. வேலை இடத்துல புதுசா சேர்ற பிள்ளைங்க "அக்கா டவுனுக்குள்ள ஓட்ட என்ன காடி எடுக்கலாம், எண்ணெய் குறைச்சலா குடிக்கணும், கையில காசு அவ்வளவு இல்ல"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

எங்க வீடு ஜெலுத்தோங், வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் மோட்டர் சைக்கிள்லதான் ரெண்டு பேரும் போவோம், மழைன்னா நனைஞ்சிக்கிட்டே. பையன் பொறந்து, அம்மாவுக்கும் முட்டி வலி வந்து மாசம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக வேண்டி வந்தப்பதான் காடி கண்டிப்பா வேணும்னு ஆச்சு. கையில இருந்தது 5,000 வெள்ளி (ரிங்கிட்), மிச்சம் லோன். மொத்தம் 22,000 தாண்ட கூடாதுன்னு முடிவு.

அத்தான் சொன்னாரு, அதே காசுக்கு பழைய ஜப்பான் காடி 1.8 லிட்டர் கிடைக்கும், உக்காந்தா சோபா மாதிரி இருக்கும், ஏன் இந்த தகர டப்பா மாதிரி சின்ன காடி எடுக்குறன்னு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு, பெரிய காடி சொகுசுதான். ஆனா நான் ஒரு பேப்பர எடுத்து கணக்கு போட்டேன். ரோட் டேக்ஸ் 1000 சிசிக்குள்ள இருந்தா வருஷத்துக்கு 20 வெள்ளி, பெரோடுவாவோட இன்னொரு காடி மைவி 1.3ன்னா 70, மைவி 1.5ன்னா 90, 1.8 லிட்டர்னா ஏறக்குறைய 280. அது வருஷத்துக்கு ஒரு தடவதான், ஆனா பெரிய எஞ்சின் டவுன் ஜாம்ல நின்னு நின்னு குடிக்கிற எண்ணெய் தினம் தினம் போகும், டயர் பெருசு, பழைய காடிக்கு சாமான் தேடணும், கிடைக்கலன்னா பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற கடைல போய் அலையணும். வாங்குற விலை ஒண்ணா இருந்தாலும் மாசா மாசம் ஆகுற செலவு ஒண்ணு இல்ல. மாடல முடிவு பண்ண எனக்கு ஒரு ராத்திரிதான் ஆச்சு. பெரோடுவாவோட பழைய சின்ன காடி விவாவையும் நெனச்சேன், இன்னும் மலிவு, ஆனா அது 2014லயே நின்னு போச்சு, அந்த இடத்துக்கு வந்ததுதான் ஆக்சியா, புதுசா இருக்கறதே எடுப்போம்னு விட்டுட்டேன்.

ஆனா அந்த மாடல்ல எந்த காடிங்கிறதுக்கு ஏழு வாரம் ஆச்சு, அதுலதான் நெறைய பேரு அவசரப்படுறாங்க. பினாங்குல 2017 நவம்பர்ல வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, ராத்திரியோட ராத்திரியா தண்ணி ஏறி எத்தனையோ காடி முழுகிப் போச்சு. நான் தேடுனது அதுக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகாத நேரம். அதனால எந்த காடிய பாத்தாலும் முதல்ல எஞ்சின் பாக்க மாட்டேன், பின் சீட்டு பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாப்பேன். பெல்ட்டோட உள் பக்கத்த யாரும் கழுவ மாட்டாங்க, சேத்து கறை அங்க கோடு மாதிரி நிக்கும். அப்புறம் பின்னால ஸ்பேர் டயர் தூக்கி அந்த பள்ளத்துல மண்ணு இருக்கான்னு, சீட்டுக்கு அடியில ரயில்ல போல்ட்டு துரு பிடிச்சிருக்கான்னு கை பேசி லைட்ட அடிச்சு பாப்பேன். கண்ணாடிய ஏத்திட்டு பத்து நிமிஷம் உள்ள உக்காந்தா ஈர கார்ப்பெட் வாசம் வருதான்னு தெரிஞ்சிடும், ரொம்ப அதிகமா வாசனை திரவம் அடிச்சு வச்சிருந்தா அதுவே எனக்கு சந்தேகம். இப்படி பாத்து அஞ்சு காடிய வேணாம்னு சொல்லிட்டேன், ஒண்ணு மட்டும் ரொம்ப மனசு வருத்தம், கலரும் விலையும் அவ்வளவு பிடிச்சிருந்துச்சு, ஆனா டயர் பள்ளத்துல காஞ்ச சேறு.

கடைசில கிடைச்சது ஒரு டீச்சரோட காடி, ஒரே ஓனர், சர்வீஸ் புக்ல 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முத்திரைன்னு ஒழுங்கா இருந்துச்சு. மீட்டர நம்புறத விட சர்வீஸ் புக்க நம்புங்க, அதோட பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டு ஓரம் இந்த மூணையும் பாருங்க. 50,000 ஓடுன காடியில பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருந்தா கணக்கு இடிக்குதுன்னு அர்த்தம். விலை 21,500. காடிய பரிசோதிக்கிற புஸ்பாகோம் நிலையத்துல லோனுக்கு பி7, பேர் மாத்த பி5ன்னு ரெண்டு பரிசோதனையும் எடுத்தோம். நெறைய பேரு புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சுன்னா காடி நல்லா இருக்குன்னு நெனக்கிறாங்க, அப்படி இல்ல, பி5ல முக்கியமா எஞ்சின் நம்பர் சேசிஸ் நம்பர் சரியா இருக்கா, காடி அதே காடிதானான்னு பாக்குறது. கியர் எப்ப போகும் ஏர்கோன் எப்ப போகும்னு அவங்க சொல்ல மாட்டாங்க. அதுக்கு நீங்கதான் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி குடுத்து கூட கூட்டிட்டு போகணும், நான் குடுத்தது 80 வெள்ளி, இந்த காடிக்கு நான் செஞ்ச செலவுலயே ரொம்ப பிரயோஜனமான செலவு அதுதான்.

எண்ணெய் விஷயம். டேஷ்போர்டு டிராயர்ல ஒரு சின்ன நோட்டு வச்சு முதல் மூணு வருஷம் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். டேங்கே 33 லிட்டர்தான். ரான் 95 பெட்ரோல் லிட்டர் 2.05 வெள்ளியா இருந்தப்ப 50 வெள்ளிக்கு 24 லிட்டர் சொச்சம் வரும், அதுல எனக்கு 340ல இருந்து 370 கிலோமீட்டர் ஓடும், அதாவது லிட்டருக்கு 14, 15. காலைல ஜாம், ஏர்கோன் எந்நேரமும் ஓடும், அதோட இந்த கணக்கு. தீபாவளிக்கு சுங்கை பட்டாணி மாமியார் வீட்டுக்கு பாலம் தாண்டி ஹைவேல நிதானமா போனா 18 வரைக்கும் வந்திருக்கு. கூட வேலை பாக்குற ஒரு தங்கச்சி பழைய மைவி 1.3 வச்சிருக்கா, அதே ரோட்டுல அவளுக்கு 12 கிட்டதான் வருது. 2025 செப்டம்பர் கடைசில இருந்து புடி95ங்கிற அரசாங்க மானியத்துல லிட்டர் 1.99, அதனால இன்னும் கொஞ்சம் மிச்சம். நான் கண்டுகிட்டது என்னன்னா, எண்ணெய் கணக்கு காடியில பாதி நம்ம காலுல பாதி, சிக்னல் விழுந்தவுடனே அமுக்குனா 12க்கு இறங்கிடும், டயர்ல காத்து குறைஞ்சாலும் அப்படித்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ எண்ணெய் நிலையத்துலயே காத்து பிடிச்சிடுவேன்.

ரிப்பேர்னு பாத்தா பெருசா மூணு. 96,000ல வாட்டர் பம்ப் கசிய ஆரம்பிச்சது, காடி நிறுத்துற இடத்துல தினமும் கொஞ்சம் ஈரம் இருக்கேன்னு பாத்து உடனே கொண்டு போனதால எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடியே மாத்திட்டோம். 110,000 கிட்ட எஞ்சின் மவுண்டிங், அதாவது எஞ்சின தாங்குற ரப்பர், மூணு சிலிண்டர் எஞ்சின்ங்கிறதால நின்னுகிட்டு இருக்கறப்ப கொஞ்சம் நடுக்கம் இயற்கையாவே இருக்கும், ஆனா ஸ்டியரிங்ல கை கிடுகிடுன்னு ஆடுனா அது மவுண்டிங். இந்த ரெண்டும் சுலபமா முடிஞ்சிடுச்சு. மூணாவது ஏர்கோன், அது எனக்கு இன்னும் ஆறல.

2021ல ஒரு மத்தியானம் ஏர்கோன் குளிரே வரல. வழக்கமா போற மெக்கானிக் அண்ணன் பட்டறை மூடியிருந்துச்சு, வீட்டுக்கு பக்கத்துல இருக்குன்னு வேற ஒரு கடைக்கு போயிட்டோம், கம்ப்ரசர் போயிடுச்சு மாத்தணும்னு சொல்லி 900 வெள்ளி வாங்கினாங்க. ரெண்டு மாசம் குளிர்ந்துச்சு, அப்புறம் மறுபடியும் அதே கதை. அந்த மெக்கானிக் அண்ணன் திறந்து பாத்துட்டு, "தங்கச்சி, கம்ப்ரசர் நல்லாதான் இருந்திருக்கும், உள்ள கூலிங் காயில்ல ஓட்ட, கேஸ் கசிஞ்சு போயிருக்கு, அத பாக்காம விட்டுட்டாங்க"ன்னாரு. அந்த மாசம் பையனோட தடிக்காவுக்கு (பாலர் பள்ளிக்கு) வச்சிருந்த காசு அதுல போச்சு. அதுல இருந்து நான் வச்சிருக்கற பழக்கம், கேஸ் குறைஞ்சிருக்குன்னு யாரு சொன்னாலும் எங்க கசியுதுன்னு காட்டுங்க, பாத்துட்டு அப்புறம் பேசலாம்னு சொல்லிடுவேன், கழட்டுன பழைய சாமானையும் கையில வாங்கிக்குவேன். பொம்பள பிள்ளைங்க தனியா பட்டறைக்கு போறவங்க இத கண்டிப்பா செய்யுங்க.

சாதாரண சர்வீஸ் மலிவு. எஞ்சின் ஆயில் ஏறக்குறைய மூணு லிட்டர்தான் பிடிக்கும், டைமிங் பெல்ட் மாத்துற செலவு கிடையாது ஏன்னா இதுல செயின். டயர் 175/65 ஆர்14, எந்த டயர் கடையிலயும் இருக்கும். கியர் ஆயில் 40,000க்கு ஒரு தடவ மாத்திக்கிட்டு வர்றேன், கியர் இதுவரைக்கும் ஒரு சின்ன உதறல் கூட இல்ல. பேட்டரி மட்டும் நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு வருஷம் தாண்டறதில்ல.

குறையும் சொல்லணும். காடி ரொம்ப லேசு, 850 கிலோ அளவுதான், பினாங்கு பாலத்துல காத்து அடிக்கிறப்ப பக்கத்துல லோரி போனா காடி ஒரு பக்கமா நகர்றது கையில தெரியும், முதல் தடவ எனக்கு ஒடம்பே சில்லுன்னு ஆயிடுச்சு. அதனால பாலத்துல இடது பக்கம் 80க்கு மேல போறதே இல்ல. ஆயர் ஈத்தாம் பக்கம் பாயா தெருபோங்ல இருந்து பாலிக் பூலாவுக்கு மலை ஏறணும்னா நாலு பேரோட ஏர்கோனும் போட்டா இழுக்க திணறும், கியர இறக்கி போட்டு பொறுமையாதான் ஏறணும். கதவு மெலிசு, மழை பேஞ்சா உள்ள பேசுறது கேக்காது. இதெல்லாம் பொறுத்துக்கலாம், எனக்கு உண்மையிலேயே கவலை குடுக்கறது, பிரேக் அமுக்குறப்ப டயர் பூட்டிக்கிட்டு சறுக்காம பாத்துக்கற ஏபிஎஸ் இல்லாதது. என்னோட 2015 ஜியில அது கிடையாது, அப்ப அட்வான்ஸ் மாடல்ல மட்டும்தான் குடுத்தாங்க. ஈர ரோட்டுல ஒரு தடவ மோட்டர் குறுக்க வந்து பிரேக் அமுக்கி டயர் சறுக்கிட்டு நின்னேன், பின்னாடி பையன் இருந்தான். இப்ப வாங்குறதா இருந்தா கூட 2,000, 3,000 குடுத்தாவது ஏபிஎஸ் இருக்கறதத்தான் எடுப்பேன். இன்னொண்ணு, 2017 ஜனவரில வந்த புது முகம் மாத்துன ஆக்சியாவுல இருந்து எஞ்சின்ல வால்வு நேரத்த தானா சரி பண்ற விவிடி-ஐ வந்திடுச்சு, ஓட்டி பாத்திருக்கேன், புறப்படுறப்பவே வித்தியாசம் தெரியுது.

டவுனுக்குள்ள இந்த காடி மாதிரி வசதி இல்ல. லிட்டில் இந்தியாவுல லெபோ பாசார் பக்கம் சாமான் வாங்க போனா, மத்தவங்க இது பத்தாதுன்னு விட்டுட்டு போற சந்துல நான் நிறுத்திடுவேன். திருப்ப கொஞ்ச இடம் போதும், சின்ன ரோட்டுல ஒரே திருப்பு. முன் சீட்டுல கைப்பை மாட்டுறதுக்கு கொக்கி ஒண்ணு வச்சிருக்காங்க, பறிக்கிறவன் இழுத்தா சுலபமா வராத மாதிரி, சிக்னல்ல நிக்கிறப்ப அது எனக்கு எவ்வளவு நிம்மதின்னு பொம்பளைங்களுக்கு தெரியும். பின்னால 14 கிலோ கேஸ் தோம்பு ஒண்ணு, 10 கிலோ அரிசி மூட்ட, மார்க்கெட் பை ரெண்டு ஒண்ணா போகும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை கோயிலுக்கு போறப்ப அம்மா, மாமியார், பால்குடம் எல்லாத்தையும் இதுலதான் ஏத்திட்டு போய் தூரமா நிறுத்திட்டு நடப்போம்.

லோன் போன வருஷம் முடிஞ்சிடுச்சு. விக்கிறியான்னு ரெண்டு பேரு கேட்டாங்க, குடுக்கல. முன்னாடி ரெண்டு அப்சோர்பரும் சத்தம் போடுது, இந்த மாசம் சம்பளம் வந்ததும் மாத்தணும். இப்ப அக்கா மக வேலைக்கு சேந்திருக்கா, அவளுக்கும் இதேதான் தேடுறோம், 2018ல இருந்து, ஏபிஎஸ் இருக்கணும், ஒரே ஓனரா இருக்கணும். போன ஞாயித்துக்கிழம பட்டர்வொர்த்ல ஒண்ணு பாத்தோம், வெளிய பளபளன்னு இருந்துச்சு, மீட்டர் 47,000 காட்டுச்சு, பிரேக் பெடல்ல ரப்பர் மட்டும் புத்தம் புதுசு. ஏன் மாத்துனீங்கன்னு கேட்டேன், பதில் வரல. அவளே சாவிய குடுத்துட்டு வாங்க சித்தி போலாம்னுட்டா. வர்ற சனிக்கிழம புக்கிட் மெர்தாஜாம்ல இன்னொண்ணு இருக்கு, மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டு போறோம்.