1 ஜிபி ரேம் ஸ்மார்ட் டிவி: பணம் கட்டும் முன் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள்

குறைந்த விலையில் 32, 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி வாங்கியவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் காட்டுவது பேனலின் பளபளப்பை மட்டும். ரேம் (ஆப்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் தாராளமா ஓடும் சார்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும்: 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ்.

அந்த 8 ஜிபியில் பெரும்பங்கை இயங்குதளமே பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் யூடியூப், ஓடிடி, கூடவே அழிக்கவே முடியாதபடி கம்பெனி ஏற்றி அனுப்பிய ஆப்கள். ஒவ்வொன்றும் அப்டேட் ஆக ஆக இடம் தீரும். பட்டனை அழுத்தி சில நொடி கழித்துத்தான் திரை அசையும். விடாமல் எழுதி அழிப்பதில் மெமரி சிப்பும் தேய்கிறது. அது போனால் டிவி லோகோவிலேயே நின்றுவிடும், மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். பேனல் புத்தம் புதிதாகவே இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

வாங்கும்போது இல்லாத விளம்பரம் அப்டேட்டுக்குப் பிறகு முகப்புத் திரையில் பாதியை அடைக்கும். சர்வீஸில் கேட்டால், "அது சாஃப்ட்வேர், வாரண்டியில வராது" என்பார்கள். கேபிள் மட்டும் பார்க்கும் பெரியவர்கள் இந்த முகப்பைத் தாண்டி, செட்டாப் பாக்ஸைச் செருகியிருக்கும் எச்டிஎம்ஐக்குப் போவதற்குள் சீரியலில் பாதி முடிந்துவிடும்.

டிவி கம்பெனிகள் வேவு பார்ப்பதும் உண்டு. திரையில் ஓடும் படத்தின் துணுக்குகளை எடுத்து, என்ன பார்க்கிறீர்கள் என்று சர்வரில் ஒப்பிடுவார்கள். செட்டாப் பாக்ஸில் ஓடுவதும் தப்பாது. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் அனுமதி கேட்காமல் இதைச் செய்ததாக வழக்கு வந்து, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள்.

கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடச் சொல்லுங்கள். படம் வர எத்தனை நொடி, நேராக எச்டிஎம்ஐக்கு வருகிறதா, ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன அளவுகளில் ஸ்மார்ட் இல்லாத சாதா எல்இடி இன்னும் கிடைக்கிறது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஏற்கெனவே கூகுள் டிவி வாங்கியிருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்து, தொடக்கத்தில் 'பேசிக் டிவி'யை, அதாவது ஸ்மார்ட் வசதிகள் இல்லாத சாதா டிவி முறையைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை கொடுக்க வேண்டாம். ஓடிடிக்கு எச்டிஎம்ஐயில் செருகும் தனி ஸ்டிக் போதும். மந்தமானால் அதை மட்டும் மாற்றலாம். ஸ்டிக்குக்கு அதனுடன் வந்த அடாப்டரையே போடுங்கள். டிவியின் யுஎஸ்பி பல மாடல்களில் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும்.

வாரண்டிக்குள் கோளாறு வந்து சர்வீஸ் தட்டிக் கழித்தால், பில்லையும் கோளாறின் வீடியோவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.