பண்டார்தரா: ஏரியை எந்தப் பக்கத்திலிருந்து சுற்றுவது?

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் யாரைக் கேட்டாலும் இரண்டு நாள் லீவுக்கு லோனாவ்லா, மாத்தேரான், மஹாபலேஷ்வர் என்ற மூன்று பெயர்தான் வரும். மலையும் தண்ணீரும் ஒன்றாக வேண்டும், அம்மா அப்பாவையும் கூட்டிப்போக வேண்டும், மலையேற்றம் மட்டும் வேண்டாம் என்கிறவர்களுக்கு பண்டார்தராதான் எங்கள் பரிந்துரை. மும்பையிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அகமத்நகர் மாவட்டம் (இப்போது அஹில்யாநகர்), அகோலே தாலுகா. மகாராஷ்டிராவின் மிக உயரமான சிகரமான கல்சுபாய் (1646 மீட்டர்) பக்கத்திலேயே இருந்தாலும், இங்குள்ள நல்ல காட்சிகளில் பெரும்பாலானவற்றை வண்டியிலிருந்து இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தாலே பார்த்துவிடலாம்.

பிரவரா ஆற்றின் குறுக்கே 1910-இல் தொடங்கி 1926-இல் முடித்த வில்சன் அணைதான் இந்த ஏரிக்குக் காரணம். ஆர்தர் லேக் என்பது பழைய பெயர். கொள்ளளவு 11 டிஎம்சி, மேட்டூரில் எட்டில் ஒரு பங்குகூட வராது. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. கண்மாயில் கரையிலிருந்து ஆழம் மெல்ல மெல்லக் கூடும். இது தண்ணீரில் மூழ்கிய மலைப் பள்ளத்தாக்கு. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறவர் அடுத்த அடியில் ஆளே மூழ்கும் ஆழத்துக்குப் போய்விடலாம். நீச்சல் தெரிந்தவர்களும் குளிக்க இறங்க வேண்டாம்.

அணை இருப்பது ஷேண்டி கிராமத்தில். அங்கிருந்து ஏரியைச் சுற்றிச் சாலை போகிறது. தென்கரையில் முத்கேல், கோல்டேம்பே, ரதன்வாடி, சாம்ராத். மேற்கு முனையில் காட்கர். வடகரை வழியாகத் திரும்பினால் உடதாவணே, பாஞ்ச்ரே, முர்ஷேத், மறுபடி ஷேண்டி. உள்ளூர் ஜீப்காரர்களிடம் ‘சுற்றிக் காட்டுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் வசதிப்படி எந்தப் பக்கமும் போவார்கள். காலையில் ரதன்வாடி, மதியம் சாம்ராத், மாலையில் காட்கர் என்று நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணத்தில் நாள் நன்றாகப் போவதும் வீணாவதும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. காட்கரில் உள்ள கொங்கண் கடா மேற்கு பார்த்த செங்குத்துப் பாறை. காலையில் போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம், பள்ளத்தாக்கு முழுக்க நிழலில். நண்பகலில் கீழே உள்ள கொங்கண் கடலோரச் சமவெளி வெளிறிப்போய்த் தட்டையாகத் தெரியும். மாலை நாலரைக்கு மேல் வெயில் பாறையின் முகத்தில் நேராக விழும்போதுதான் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். ரதன்வாடிக்கு இது நேர்மாறு. அங்கே காலையில் காற்று குறைவு, ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், எதிர்க்கரை மலை அப்படியே தண்ணீரில் விழும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பித் தண்ணீரைக் கலைத்துவிடும்.

ஷேண்டியிலிருந்து ரதன்வாடிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சாலை குறுகலானது, ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் அம்ருதேஷ்வர் கோயில் ஷிலாஹார மன்னர்கள் காலத்தது. கோபுரம் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இதன் அமைப்பே புதிது. கருவறைக்கு நேர் மேலே சிகரம், அதில் சின்னச் சின்ன சிகரங்களை வரிசை வரிசையாக அடுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். கருங்கல்லில் பாசி படிந்திருப்பதால் காலைச் சாய்வெயிலில்தான் அந்த வேலைப்பாடு துலங்கும். பக்கத்தில் சதுரமான புஷ்கரணி ஒன்று உண்டு, சுவரைச் சுற்றிச் சின்ன மாடங்கள். அவசரமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் தெரியும் ரதன்கட் கோட்டை 1297 மீட்டர் உயரம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

எளிய ஏரிக்கரை நடைக்கு எங்கள் முதல் தேர்வு ரதன்வாடிதான். ஊரிலிருந்து நெல் வயல் வரப்புகள் வழியாக நீர் விளிம்பு வரை சமதளம். அக்டோபரில் ஏரி நிரம்பியிருக்கும்போது தூரம் குறைவு. மார்ச்சுக்கு மேல் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க நடை நீளும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தண்ணீர் விலகிய தரை மேலே காய்ந்து வெடித்துக் கெட்டியாகத் தெரியும். ஓர் அங்குலத்துக்குக் கீழே களிச்சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை போகும், இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். புல் முளைத்த இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். மாட்டுத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அதற்கு அப்பால் போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் கொண்டு வரலாம், வழியில் படிக்கட்டு எதுவும் இல்லை. வரப்பில் பயிர் நிற்கும் மாதங்களில் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள்.

ரதன்வாடிக்கும் சாம்ராத்துக்கும் இடையில் சாலை மோசம், மழை முடிந்த கையோடு போனால் குழிகள் ஆழமாக இருக்கும். தாழ்வான கார் என்றால் அடிப்பாகம் இடிக்கும். ஷேண்டியிலேயே காரை விட்டுவிட்டு ஜீப் பேசிக்கொள்வது நல்லது. சாம்ராத்தில் ஸாந்தண் பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே சில இடங்களில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அளவுக்குக் குறுகிய பிளவு அது. வாய் வரைக்கும் போய்ப் பார்ப்பது யாருக்கும் சுலபம். உள்ளே போனால் உருண்டைப் பாறைகளைத் தாண்ட வேண்டும், தேங்கிய குளிர்ந்த நீரில் இறங்க வேண்டும். பெரியவர்களுக்கு அது வேண்டாம். மழை மாதங்களில் யாருமே உள்ளே போகக் கூடாது. மேலே பெய்கிற மழை இந்தப் பிளவுக்குள்தான் கொட்டும், ஓடி ஏற இடமில்லை.

மதியச் சாப்பாடு சாம்ராத்திலோ ரதன்வாடியிலோ ஏதாவது ஒரு வீட்டில்தான். ஓட்டல் என்று தேடினால் கிடைக்காது. காலையில் கோயிலுக்குப் போகும்போதே ‘ஜேவண் கிதி வாஜ்தா?’ (சாப்பாடு எத்தனை மணிக்கு?) என்று கேட்டு, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் ஒரு மணிக்குப் போய் நின்றால் அதற்கு மேல்தான் அடுப்பு மூட்டுவார்கள், மாலை வெளிச்சம் கையை விட்டுப் போகும். கிடைப்பது பிட்லா, பாக்ரி, தேச்சா, சோறு, பருப்பு. பிட்லா கடலைமாவைத் தாளித்துக் கெட்டியாகக் கிளறியது. பச்சைமிளகாயையும் பூண்டையும் வதக்கி உப்புச் சேர்த்து இடித்தது தேச்சா, விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் போதும். பாக்ரி சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரிசி மாவோ கேழ்வரகு மாவோ, வெந்நீர் விட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைவார்கள். விரிசல் இல்லாமல் வரும் வரை விடமாட்டார்கள். தட்டி வட்டமாக்கிச் சட்டியில் போட்டதும் மேல்பக்கம் முழுக்க ஈரக் கையால் தண்ணீர் தடவுவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் திருப்பிப் போட வேண்டும், தாமதித்தால் வெடித்துவிடும். கடைசியில் நேராகத் தணலில் காட்டும்போது ஒரே மூச்சில் உப்பும். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். காரம் ஆகாத குழந்தைகள் இருந்தால் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். இங்கே எல்லா நாளும் தயிர் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

காட்கருக்கு நாலு மணிக்குள் வந்துவிடுங்கள். வழியில் தெரிகிற சின்ன நீர்த்தேக்கத்தைப் பார்த்து ஆர்தர் லேக்கின் தொடர்ச்சி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது காட்கர் நீரேற்று மின்நிலையத்தின் மேல் அணை. 250 மெகாவாட் திறன், 2008-இல் உற்பத்தி தொடங்கியது. மின்தேவை குறைந்த நேரத்தில் கீழேயிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை உச்சத்தில் இருக்கும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். கொங்கண் கடாவில் நின்று பார்த்தால் அதன் கீழ் அணை சோண்டே கிராமத்தருகே மலையடிவாரத்தில் தெரியும். மேல் அணை இருப்பது அகோலே தாலுகாவில், கீழ் அணை தானே மாவட்டத்தில். நீங்கள் நிற்கும் பாறைக்குள்தான் அந்தத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று தெரிந்து பார்த்தால் அந்த ஆழமே வேறு மாதிரி தோன்றும். வடக்கே அலங், மதன், குலங் மூன்று கோட்டைகளும் பக்கம் பக்கமாக நிற்கும்.

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் போல வழி நெடுகக் கம்பி போட்ட நடைபாதை இங்கே கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் முழங்கால் உயரப் புல் பாறை விளிம்பையும் தாண்டி வெளியே சாய்ந்து வளர்ந்திருக்கும். தரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெறும் பாறை தெரிகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள், புல்லில் கால் வைக்காதீர்கள். காற்று கீழேயிருந்து மேலே அடிக்கும். மழைக்காலத்தில் அருவித் தண்ணீரையே மேல்நோக்கி வீசிவிடும் காற்று இது. துப்பட்டாவும் தொப்பியும் பறந்தால் எட்டிப் பிடிக்கப் போக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் போனால் அரை நாள் முழுக்க வெள்ளை மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் நேரலாம். மேகம் சட்டென்று விலகி மறுபடி மூடும், அதனால் அரை மணி நேரமாவது காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

சூரியன் இறங்கியதும் கிளம்பிவிடுங்கள். காட்கரிலிருந்து வடகரை வழியாக ஷேண்டிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், விளக்கில்லாத காட்டுச் சாலை, மாடுகள் நடுச்சாலையில் படுத்திருக்கும். ஷேண்டியைத் தாண்டினால் போனில் சிக்னல் வரும் போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், ஜீப்காரர் நம்பரைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ரொக்கம் கட்டாயம். பெட்ரோலை வரும் வழியில் உள்ள கோட்டி என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அணைக்குக் கீழே உள்ள குடை அருவியைப் பற்றி நிறையப் பேருக்கு ஏமாற்றம். உருண்டையான பாறை மேல் தண்ணீர் வழிந்து குடை மாதிரி விரியும், உண்மையிலேயே அழகு. ஆனால் அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் அருவி, இல்லாவிட்டால் வெறும் பாறை. ரந்தா அருவியும் அதே ஆற்றில், அணைக்குக் கீழே பத்து கிலோமீட்டரில். அங்கும் அணைத் திறப்பைப் பொறுத்துத்தான் வேகம். தங்கும் இடத்தில் போனில் முதல் நாளே ‘தண்ணீர் விட்டிருக்கிறார்களா’ என்று கேட்டுவிடுங்கள்.

கரையோரக் கூடாரங்கள் முர்ஷேத், பாஞ்ச்ரே பக்கம் நிறைய. படங்களைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கழிப்பறை எத்தனை பேருக்கு ஒன்று, கூடாரம் தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி, பாட்டுச் சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும், இந்த மூன்றையும் கேளுங்கள். சனிக்கிழமை இரவில் சில இடங்களில் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை ஓடுகிறது. 1986 முதல் வனவிலங்கு சரணாலயமான கல்சுபாய் - ஹரிஷ்சந்திரகட் காட்டின் ஓரத்தில் இது பெரிய அநியாயம். பெரியவர்களோடு போகிறவர்கள் ஷேண்டியில் அறை எடுப்பதே நல்லது. டிசம்பர், ஜனவரியில் கூடாரத்தின் உள்பக்கமே பனி ஈரத்தில் சொட்டும், மும்பையில் போடும் மெல்லிய ஸ்வெட்டர் போதாது.

செப்டம்பர் கடைசி வாரம் முதல் நவம்பர் வரைதான் எங்கள் கணக்கில் முதலிடம். ஏரி நிறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், சரிவெல்லாம் மஞ்சள் சோன்கிப் பூ. மழை மாதச் சனி, ஞாயிறுகளில் ஏரிச் சாலையில் வண்டி நகராது, அந்த நாட்களில் போக வேண்டாம். மே கடைசியிலிருந்து மழை வலுக்கும் வரை மின்மினிக் காலம். கடுக்காய், தான்றி, மருதம், நாவல் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடி ஒரே தாளத்தில் மின்னும். அந்த ஒளி ஆண் பூச்சி பெண் பூச்சிக்கு விடும் அழைப்பு. கார் விளக்கும் போன் டார்ச்சும் அதைக் கெடுக்கும். சாலையோரத்திலேயே நின்று விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷம் கொடுங்கள். மரத்தடிப் புல்லில் நடக்காதீர்கள், பெண் பூச்சிகள் தரையோரத்தில்தான் இருக்கும்.

போகும் வழி: காரில் என்றால் பிவண்டி அருகே ஆம்ணேயில் சம்ருத்தி விரைவுச்சாலை ஏறி இகத்புரியில் இறங்கலாம், 2025 ஜூனில் திறந்த பகுதி அது. கசாரா காட் மலைச்சாலை நெரிசல் மிச்சம், ஆனால் டோல் உண்டு, பைக்குக்கு அனுமதி இல்லை. பைக்காரர்களுக்குப் பழைய நெடுஞ்சாலைதான். ரயிலில் என்றால் தாதரிலோ கல்யாணிலோ அதிகாலைக் கசாரா லோக்கல், அங்கிருந்து ஷேர் ஜீப்பில் கோட்டி, பிறகு பாரி வழியாக ராஜூர் போகும் எஸ்.டி. (அரசு) பஸ்ஸில் ஷேண்டி. பஸ் எண்ணிக்கை குறைவு. நாலு பேருக்கு மேல் இருந்தால் கசாராவிலேயே ஜீப் பேசி, ஏரிச் சுற்றையும் சேர்த்து ஒரே தொகையாக, மாலை காட்கரில் காத்திருக்கும் நேரத்தையும் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், வெயில் பாறையில் விழும் நேரம் பார்த்து ‘லேட் ஆகிறது’ என்று டிரைவர் கூப்பிடுவார்.