மங்கிய பெட்ரோல்: கலந்து ஓட்டுவதா, வடித்துவிடுவதா, டேங்கையே இறக்குவதா?

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் ஆறு ஆண்டுகளாக நின்றிருந்த மாமாவின் பிரீமியர் பத்மினி காரை மீண்டும் ஓடவைக்கும் பேச்சு எழுந்தபோது, டேங்கில் மிச்சமிருந்த பத்து லிட்டரை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் முதல் கருத்து வேறுபாடு வந்தது. கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். பால் விடாத டீயின் நிறம். பெட்ரோல் நெடி போய் வார்னிஷ் வாடை.

நாள்பட்ட பெட்ரோலில், குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடுகிறது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகத் திரள்கிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், பழைய பெட்ரோலைவிட அது டேங்கின் அடியில் விட்டுச்சென்ற படிவைக் கணக்கில் கொள்வதே முக்கியம்.

மாமா விரும்பியது முதல் வழியை: நான்கு பங்கு புதிய பெட்ரோலில் ஒரு பங்கு பழையதைக் கலந்து ஓட்டித் தீர்த்துவிடுவது. இன்றைய விலையில் பத்து லிட்டரை வீணாக்க யாருக்கு மனம் வரும்? சில மாதங்களே நின்ற வண்டியில், நிறம் சற்றே மங்கி, வாடை மாறாமல் இருந்தால் இது போதும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கறுத்துப்போன பெட்ரோலில் இதை முயன்று நான் பட்டிருக்கிறேன். சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பியபோது, சமதரையில் சீராக ஓடிவந்த என் பழைய அம்பாசடர் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் திக்கித் திணறி நின்றது. ஏற்றத்தில் என்ஜின் கூடுதலாகக் கேட்ட பெட்ரோலை, அடைபட்ட ஃபில்டரால் விட முடியவில்லை; அதைக் கழற்றியபோது செம்மண் குழம்பு போன்ற ஒன்று விரலில் ஒட்டியது.

அதனினும் பெரிய செலவு வால்வில் காத்திருக்கிறது. சூட்டில் இளகும் பிசின், என்ஜின் ஆறியதும் வால்வுத் தண்டை அதன் வழியிலேயே ஒட்டவைத்துவிடும்; மறுநாள் ஸ்டார்ட் செய்கையில், வால்வைத் திறக்க உந்தும் கம்பியான புஷ்ராடு வளையும். பத்மினியின் 1089 சிசி என்ஜினும் புஷ்ராடு வகையே என்பதால், மாமாவின் சிக்கனத்துக்கு நான் உடன்படவில்லை.

இரண்டாவது, டேங்கை வண்டியிலேயே வைத்து வடிப்பது. வாயால் உறிஞ்சாமல் கைப்பம்பு கொண்டு எடுத்தால் அரை நாள் வேலைதான்; டார்ச் அடித்துப் பார்க்கையில் உட்புறத் தகடு பளிச்சென்று இருந்தால் இதற்கு மேல் செய்வது வீண். தகடு பழுப்பேறியிருந்தால் மட்டும் இந்த வழி ஏமாற்றும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஒட்டியிருக்கும் பழைய படிவைக் கிளப்பிவிடும், பழைய ரப்பர் ஓஸையும் பெட்ரோல் பம்புக்குள் அசையும் சவ்வான டயாப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, டேங்கை இறக்கிக் கழுவுவது. நாங்கள் இதைத்தான் செய்தோம். துருவை நீக்க வினிகர் மலிவு, ஆனால் நாள் பிடிக்கும். அலசியபின் சமையல் சோடாக் கரைசல் விட்டு உடனே உலர்த்தாவிட்டால் மாலைக்குள் மறுபடி துரு பூக்கும். பாஸ்பாரிக் அமிலம் வேகமானது, தகட்டின் மேல் காப்புப் படலத்தையும் விட்டுச்செல்லும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஓட்டை அடைப்பதானால் ரேடியேட்டர் பட்டறைக்குத்தான் போகவேண்டும்; ஆவி தங்கிய காலி டேங்கில் நெருப்பைக் காட்டுவது, நிறைந்த டேங்கில் காட்டுவதைவிட ஆபத்தானது என்பதை அறிந்த பட்டறையாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

ஓஸ்களையும் டயாப்ரத்தையும் மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழற்றி ஊறவைத்தபின், பாட்டிலில் தொங்கவிட்ட ஒரு லிட்டர் புதிய பெட்ரோலில்தான் என்ஜினை முதலில் எழுப்பினோம். வடித்த பழையதை மூடிய கேனில் ஊற்றி, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தோம். தோப்புக் கிணற்றுக்கு அருகே அதை மண்ணில் ஊற்றிவிடலாம் என்று சொன்னவரும் மாமாதான்.