பழைய பிங் சேவையா, வெப்சப் மையமா?

வலைப்பதிவில் புதிய இடுகை வந்ததை மற்றத் தளங்களுக்குத் தெரிவிக்கும் இலவச அறிவிப்புச் சேவை நடத்த விரும்புபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன: 2004-இல் தொடங்கிய பிங்-ஓ-மேட்டிக் போன்ற பழைய பிங் சேவை ஒன்று, 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த வெப்சப் முறையில் அமையும் மையம் மற்றொன்று.

பழைய முறையில், வலைப்பதிவின் பெயர், முகவரி என்னும் இரண்டே தகவல்கள் ‘வெப்லாக்அப்டேட்ஸ்.பிங்’ என்ற எக்ஸ்எம்எல்-ஆர்பிசி அழைப்பாக (ஒரு கணினி இன்னொன்றுக்கு இணையம் வழியே அனுப்பும் கட்டளையாக) வந்து சேரும். அதைத் தேடல் தளங்களுக்குக் கடத்திவிட்டால் வேலை முடிந்தது. சிறிய வழங்கியே (சர்வரே) இதற்குப் போதும். ஆனால் அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த அழைப்பில் இல்லாததால், குப்பைப் பதிவுகளை நிரல் வைத்துக் குவிப்போருக்கு இது திறந்த வீடு; நடத்துபவரின் நேரம் பெரும்பாலும் வடிகட்டுவதிலேயே கரையும். கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள், வலைப்பதிவுகளைத் தேடித் தந்த டெக்னோரட்டி தளமே 2014-இல் அந்தத் தேடலைக் கைவிட்டது.

வெப்சப் மையத்தில் சந்தாதாரர் (புதிய இடுகைகளைப் பெற விரும்பும் தளம் அல்லது செயலி) தம் இணைய முகவரியைத் தந்து பதிவு செய்கிறார். மையம் அங்கே ஒரு சோதனைச் சரத்தை அனுப்ப, அது மாறாமல் திரும்பி வந்தால் மட்டுமே சந்தா உறுதியாகிறது. புதிய இடுகை வந்ததும் மையமே வலைப்பதிவின் ஓடையை (இடுகைகளை நிரல்கள் படிக்கும் வடிவில் தரும் கோப்பை) எடுத்து, உள்ளடக்கத்தோடு அனைவருக்கும் அனுப்புகிறது. ஓர் ஓடைக்கு ஆயிரம் சந்தாதாரர் என்றால், ஒவ்வோர் இடுகைக்கும் ஆயிரம் அனுப்புதல்கள். தவறியவற்றுக்கு மறுமுயற்சிகள் வேறு. இலவசமாக நடத்துபவரின் கையைக் கடிக்கும் இடம் இதுதான்.

ஆயினும் புதிதாகத் தொடங்குபவர் வெப்சப்பையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. பிங் முறை வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் இயல்பு அமைப்பில் இன்றும் இருக்கிறது என்பதற்காக, இன்னொரு பிங் சேவை வேண்டியதில்லை.