ப்ளேவொர்க்ஸ் விமர்சனம்: சண்டையைக் குறைக்கும், ரீசெஸை நீட்டிக்காது

அமெரிக்க எலிமெண்டரி ஸ்கூலில் ரீசெஸை, அதாவது குழந்தைகள் வெளியே விளையாடும் இடைவேளையை, குறைக்கும்போது பிரின்சிபல் சொல்வது பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று: "மைதானத்தில் ஓயாத சண்டை, நர்ஸ் ரூமில் கூட்டம், உள்ளே வந்த பிறகும் பஞ்சாயத்து முடிவதில்லை." இரண்டு: "மாநிலத் தேர்வு வருகிறது, ரீடிங்குக்கும் கணக்குக்கும் நேரம் போதவில்லை." பள்ளிகளில் ரீசெஸ் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தித் தரும் ப்ளேவொர்க்ஸ் முதல் பிரச்சினையை நன்றாகவே சமாளிக்கிறது. இரண்டாவதற்கு அதன் கையில் எதுவும் இல்லை. இது தெரியாமல் பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) பணத்தைக் கட்டிவிட்டால், 15 நிமிட ரீசெஸ் அதே 15 நிமிடமாகத்தான் இருக்கும். சண்டை மட்டும் குறைந்திருக்கும்.

ப்ளேவொர்க்ஸ் ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு. 1996-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜில் வியாலெட் தொடங்கியது; அப்போது பெயர் ஸ்போர்ட்ஸ்ஃபோர்கிட்ஸ். இப்போது தலைமையகம் ஓக்லண்டில். பள்ளிகளுக்கு அது தரும் சேவை மூன்று வகை. முழுநேர கோச்: ஒருவர் ஆண்டு முழுவதும் உங்கள் பள்ளியிலேயே இருப்பார். டீம்அப்: ஒரு ஒருங்கிணைப்பாளரை நான்கு பள்ளிகள் பகிர்ந்துகொள்ளும், மாதத்தில் ஒரு வாரம் உங்களுக்கு, மற்ற மூன்று வாரம் உங்கள் ஆட்களே ஓட்ட வேண்டும். மூன்றாவது, பயிற்சி மட்டும்: மதிய மேற்பார்வை பார்க்கும் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் ஒரு பகுதியை நன்கொடை ஈடுகட்டும். எனவே விலை கேட்கும்போது மொத்தச் செலவு, நன்கொடைப் பங்கு, பள்ளியின் பங்கு மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இந்த வருடம் நன்கொடையாளர் இருந்தார், அடுத்த வருடம் இல்லை என்றால் பில் எவ்வளவு ஆகும் என்பது அப்போதுதான் தெரியும்.

கோச் வந்ததும் முதலில் மைதானத்துக்கு வரைபடம் போடுவார். கிக்பால் (பந்தைக் காலால் உதைத்து ஆடும் பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஒரு மூலை, தொட்டுப்பிடி புல்வெளியில், ஸ்கிப்பிங் கயிறு சுவரோரம், ஃபோர்ஸ்கொயர் தார்த்தரையில், சும்மா உட்கார்ந்து பேச ஒரு இடம். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மைதானத்தில் நடக்கும் மோதல்களில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. கால்பந்து ஓடும் பாதையும் கயிறு சுழலும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் வருகிறது. இரண்டுக்கும் நடுவே பத்தடி இடைவெளி விட்டு கூம்பு வைத்தாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

ஃபோர்ஸ்கொயரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், இவர்களுடைய முறையின் நல்லது கெட்டது இரண்டும் அதில் தெரியும். 16 அடிக்கு 16 அடி சதுரம், உள்ளே 8 அடிச் சதுரங்கள் நான்கு. 8.5 அங்குல ரப்பர் பந்து. பந்து உன் கட்டத்தில் ஒருமுறை துள்ளியதும் கையால் தட்டி அடுத்தவர் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அவுட், வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், வரிசையில் முதலில் நிற்பவர் உள்ளே வருவார். சொல்ல எளிது, ஆனால் கெடுவதும் இங்கேதான். முதல் கட்டத்தில் நிற்கும் பையன் 'இன்றைக்கு இதுதான் ரூல்' என்று புதுச் சட்டம் போடுவான். அந்தச் சட்டப்படி அவனுக்குப் பிடிக்காதவர்கள் எல்லாரும் அவுட். ப்ளேவொர்க்ஸ் முறையில் பள்ளி முழுவதற்கும் ஒரே விதி. எல்லா வகுப்புக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை வந்தால் கல்-காகிதம்-கத்தரி. தோற்றவர் வரிசைக்குப் போவார், ஆட்டம் தொடரும். நம் ஊர்ப் பிள்ளைகள் சாட் பூட் த்ரீ போட்டு முடிவு செய்வதைப் போலத்தான். யார் சொன்னது சரி என்ற விசாரணையே கிடையாது. வெளியே வந்தவனைப் பார்த்து 'நல்லா ஆடினே' என்று கைதட்டச் சொல்வதை ஐந்தாம் வகுப்புப் பையன்கள் முதல் வாரம் கிண்டல் செய்வார்கள். பெரியவர்கள் கூடவே நின்று ஆடினால் அது பழகிவிடும். விசிலோடு ஓரமாக நின்றால் பழகாது.

இதில் ஒரு கணக்கை மட்டும் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. ஒருவர் அவுட் ஆகச் சராசரியாக 20 நொடி என்று வையுங்கள். வரிசையில் 6 பேர் என்றால் இரண்டு நிமிடத்தில் மறுபடி வாய்ப்பு. 12 பேர் என்றால் நான்கு நிமிடம். உண்மையில் ஆடக் கிடைப்பது 12 நிமிடம் என்றால் ஒரு குழந்தைக்கு மூன்று முறைதான், அதுவும் கொஞ்ச நொடிகள். மிச்ச நேரமெல்லாம் வரிசையில் நிற்பது, வரிசையில் நின்றால் தள்ளுமுள்ளு. எனவே ஒரே நேரத்தில் 100 குழந்தைகள் வெளியே வருகிறார்கள் என்றால் மூன்று கோர்ட் வேண்டும். அத்துடன் 10 முதல் 12 பந்து, 16 அடி நீளக் கயிறு நான்கு, கூம்பு இரண்டு டஜன், சாக்பீஸ் ஒரு வாளி, ஊசியோடு ஒரு பம்ப். பந்தில் காற்றை இறுக்கி அடிக்கக் கூடாது. நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் இடுப்பு வரை எழும்ப வேண்டும். அதற்கு மேல் எழும்பினால் சின்னக் குழந்தைகளின் தலைக்கு மேலே போய்விடும், பந்தைத் துரத்தியே நேரம் போகும்.

ஓடிப்பிடிக்கும் ஆட்டங்களிலும் இதே யோசனைதான். பேண்ட்எய்ட் டேக் என்ற ஆட்டத்தில் தொடப்பட்டவர் தொட்ட இடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஓட வேண்டும், இரண்டாம் முறை இரண்டாவது கை, மூன்றாம் முறை 'ஆஸ்பத்திரி'க்குப் போய் நாலைந்து முறை குதித்துவிட்டுத் திரும்பலாம். யாரும் ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை. அவுட் ஆனவர் வெளியே போகும் ஆட்டத்தில் அதிகம் ஓட வேண்டிய மெதுவான குழந்தைதான் முதலில் உட்காரும். அந்தக் கோளாறை இது நேராகச் சரிசெய்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை ஜூனியர் கோச் ஆக்குவது இந்தச் சேவையின் சிறந்த பகுதி. சுலபமாகக் கெட்டுப்போவதும் அதுதான். சமத்துப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் அவர்கள் குட்டி போலீஸ்காரர்களாக மாறிவிடுவார்கள். மைதானத்தில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்களோ, அவர்களில் சிலரும் வேண்டும். அடிக்கடி ஆபீசுக்கு அனுப்பப்படும் பையனாக இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல, தனியாக நிற்கும் சின்னக் குழந்தையை ஆட்டத்துக்குக் கூப்பிடுவது. இன்னொன்று, சிறியவர்களின் ரீசெஸில் வேலை செய்ததால் தன் சொந்த ரீசெஸை இழக்கக் கூடாது. சில அட்டவணைகளில் அப்படித்தான் ஆகிறது. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா? மற்றச் சேவைகளைவிட இதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கார்ட்னர் மையமும் 29 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 17 பள்ளிகளுக்கு ப்ளேவொர்க்ஸ் கொடுத்து, 12 பள்ளிகளைக் கொடுக்காமல் விட்டு ஒப்பிட்டன. சேவை இருந்த பள்ளிகளில் மிரட்டலும் ஒதுக்கிவைப்பதும் குறைவு என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ரீசெஸ் முடிந்து பாடத்தில் உட்கார ஆகும் நேரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பில் மாட்டிய கருவியின்படி தீவிரமாக ஓடியாடிய நேரம் ரீசெஸில் 10 சதவீதத்துக்குப் பதில் 14 சதவீதம். இந்த மாற்றம் பெண் குழந்தைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பொதுவான முரட்டுத்தனத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. விளம்பரத் தாளில் முதல் பாதி பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாம் பாதி இருக்காது.

பாடத்துக்குத் திரும்பும் நேரம் குறைந்தது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தேர்வைக் காட்டி ரீசெஸை வெட்ட நினைக்கும் பிரின்சிபலிடம் எடுபடக்கூடிய வாதம் அது ஒன்றுதான். அதற்கு மேல் ப்ளேவொர்க்ஸ் உதவாது, ஏனென்றால் நிமிடத்தைத் தீர்மானிப்பது கோச் அல்ல, பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டமும் மாநிலச் சட்டமும்தான். 1998-ல் ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் பெஞ்சமின் கனடா எலிமெண்டரி பள்ளிகளில் ரீசெஸையே நிறுத்தினார். விளையாட்டு மைதானமே இல்லாமல் ஒரு பள்ளிக் கட்டடமும் எழுந்தது. அதே ஜார்ஜியா 2022-ல்தான் தினசரி ரீசெஸைச் சட்டமாக்கியது, அதிலும் உடற்கல்வி வகுப்பு உள்ள நாளுக்கு விலக்கு உண்டு. சிகாகோவில் பல பள்ளிகளில் பல வருடங்கள் ரீசெஸ் இல்லை. 2012-13-ல் பள்ளி நாள் நீண்டபோதுதான் திரும்பி வந்தது. சியாட்டிலில் 30 நிமிட உத்தரவாதம் 2015 ஆசிரியர் வேலைநிறுத்தத்தின் ஒப்பந்தத்தில் கிடைத்தது.

எனவே கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களில் நிலைமை இது. கலிஃபோர்னியா: 2024-25 முதல் சாதாரண நாளில் 30 நிமிடம், சீக்கிரம் விடும் நாளில் 15, தண்டனையாக ரீசெஸை மறுக்க முடியாது, யாருக்காவது உடனடி ஆபத்து என்றால் தவிர. நியூஜெர்சி: ஐந்தாம் வகுப்பு வரை தினம் 20 நிமிடம், ஒழுங்கு மீறலுக்காகப் பறித்தாலும் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. ஃப்ளோரிடா: 2017 சட்டப்படி தினம் தொடர்ச்சியாக 20 நிமிடம், சார்ட்டர் பள்ளிகளுக்கு (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துபவை) அந்தச் சட்டத்தில் விலக்கு. 'தொடர்ச்சியாக' என்பதால் பத்து பத்தாகப் பிய்த்துக் கணக்குக் காட்ட முடியாது. டெக்சாஸில் ரீசெஸுக்கென்று மாநில அளவில் நிமிடக் கணக்கு கிடையாது. ரீசெஸ் கொள்கை வகுக்கச் சொன்ன மசோதாவை 2019-ல் ஆளுநர் நிராகரித்தார். அங்கே மாவட்டக் கொள்கைதான் உங்களுக்கு ஆதாரம், அதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

சட்டம் 20 நிமிடம் என்று சொன்னாலும் அட்டவணையில் இருக்கும் 20 வேறு, காலில் கிடைக்கும் 20 வேறு. கோட் மாட்டி, வரிசை கட்டி, நடையில் மூன்று நிமிடம். விசில் அடித்துத் திரும்ப வரிசை கட்ட மூன்று. மிச்சம் 14. பனிக்காலத்தில் ஸ்னோ பேண்ட், பூட்ஸ், கையுறை என்று சேர்ந்தால் பத்துகூட மிஞ்சாது. நல்ல கோச் இந்த இரு முனைகளையும் இறுக்குவார். விசில் அடித்ததும் ஓடாமல் அப்படியே நின்று, பந்தைக் கையில் பிடித்து, நடந்து வரிசைக்கு வரும் பழக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வரும்.

வெளியே போக முடியாத நாளில் இந்தச் சேவை உண்மையிலேயே கைகொடுக்கும். பல பள்ளிகளில் உள்ளரங்க ரீசெஸ் என்றால் திரையில் ஒரு வீடியோ, அவ்வளவுதான். வகுப்பறையிலேயே மேசைகளுக்கு நடுவே ஆடக்கூடிய ஆட்டங்களை இவர்கள் டீச்சருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு குறை நியாயமானது: பெரியவர் எப்போதும் கூடவே இருந்தால் அது ரீசெஸா, இன்னொரு பீரியடா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, ரீசெஸை உடற்கல்விக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது, தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ பறிக்கவும் கூடாது என்கிறது. ப்ளேவொர்க்ஸ் விதிப்படி எந்த ஆட்டத்திலும் சேராமல் இருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு. நடைமுறையில் சில கோச்சுகள் ஆர்வக்கோளாறில் எல்லாரையும் இழுத்துவிடுவார்கள். குச்சி பொறுக்கிக்கொண்டு எறும்புப் புற்றைப் பார்த்து நிற்கும் குழந்தையைத் தொந்தரவு செய்யாத கோச்தான் நல்ல கோச். நல்லவர் கிடைத்தாலும் அடுத்த ஆண்டு அவர் இருப்பார் என்று எண்ண வேண்டாம்.

காசு செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ரீசெஸைச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்துவது. சாப்பாடு முதலில் என்றால் பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு மைதானத்துக்கு ஓடும். டப்பாவில் தயிர்சாதம் அப்படியே வீடு திரும்பும். யூட்டாவின் ஓரெமில் நடந்த ஆய்வில் வரிசையை மாற்றியதும் காய்கனி சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது. கை கழுவ ஐந்து நிமிடம் கூடுதலாக வேண்டும். அதை அட்டவணையில் சேர்க்காவிட்டால் அந்த நிமிடங்களும் ரீசெஸிலிருந்தே போகும்.

எதை வாங்கலாம்? மைதானத்தில் சண்டைதான் பிரச்சினை, ரீசெஸ் குறைந்தது 20 நிமிடம் என்று எழுத்தில் இருக்கிறது, பள்ளியில் 400 குழந்தைக்கு மேல் என்றால் முழுநேர கோச் காசுக்குத் தகும். மேற்பார்வை ஊழியர்கள் வருடா வருடம் மாறாமல் இருக்கும் பள்ளிக்கு டீம்அப் போதும். அடிக்கடி ஆள் மாறும் பள்ளியில் பயிற்சி மட்டும் வாங்குவது வீண். கற்றுக்கொண்டவர்கள் பொங்கலுக்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். எதுவும் வாங்குவதற்கு முன் இவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டத் தொகுப்பையும், ரீசெஸை 17 அம்சங்களில் கவனித்து மதிப்பிடும் கிரேட் ரீசெஸ் ஃப்ரேம்வொர்க் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு மதியம் மைதானத்தில் நில்லுங்கள். பிரச்சினை இடமா, பொருளா, ஆளா, நேரமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நேரம்தான் என்றால் போக வேண்டிய இடம் ஸ்கூல் போர்டு கூட்டம்.

டீம்அப் வாங்கிய பள்ளியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், ஒருங்கிணைப்பாளர் இல்லாத வாரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பந்துப் பை வெளியே வந்திருக்கிறதா, மேற்பார்வை ஊழியரில் ஒருவராவது ஆடிக்கொண்டிருக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் நான்கு வாரத்துக்குக் காசு கட்டி ஒரு வாரச் சேவையை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.