டியூக்கோட பெரிய புத்தகமா, ராணியோட குட்டிப் புத்தகமா?

புக் ஆஃப் அவர்ஸ்னு, அதாவது அந்தக் கால ஐரோப்பாவோட கையெழுத்து ஜெபப் புத்தகம்னு, தேடினாலே முதல்ல வந்து நிக்கிறது பிரெஞ்சு பிரபு பெர்ரி டியூக்கோட 'த்ரே ரிஷ் ஊர்' தான். அந்த நீலமும் கோட்டைகளும் வயல்ல வேலை பாக்குற ஜனமும்னு பாத்தா கண்ண எடுக்கவே முடியாது, எனக்கும் அப்படித்தான். ஆனா இது ஜெபம் பண்ண செஞ்ச புத்தகம்ங்கிறத மனசுல வச்சுகிட்டு, பிரெஞ்சு ராணி ழான் தெவ்ரோவோட குட்டிப் புத்தகத்த பக்கத்துல வச்சுப் பாத்தா என் ஓட்டு அந்தக் குட்டிக்குத்தான்.

மடத்துல சாமியாருங்க ஒரு நாளைக்கு 8 வேளை ஜெபம் சொல்லுவாங்கல்ல, அத வீட்ல இருக்கிறவங்களும் சுருக்கமா சொல்றதுக்கு வந்ததுதான் இந்த வகை புத்தகம். மாதா ஜெபம், சங்கீதம், முன்னாடி ஒரு காலண்டர், எல்லாம் தோல் ஏட்டுல கையால எழுதி தங்கம் வச்சு பண்ணது.

டியூக்கோடது ஏறக்குறைய ஏ4 சைஸ், 29க்கு 21 செ.மீ., 206 ஏடு. ஓவியருங்க லிம்பூர்க் சகோதரர்கள் மூணு பேரும் 1412 வாக்குல ஆரம்பிச்சாங்க, 1416ல அந்த மூணு பேரும் செத்துட்டாங்க, வேலைய குடுத்த டியூக்கும் அதே வருஷம் செத்துட்டாரு, அப்புறம் இடையில வேற கை பட்டு, 1485 வாக்குல சவோய் டியூக்குக்காக ழான் கொலோம்ப் முடிச்சு குடுத்தாரு, அதனால உள்ள புரட்டும்போது கை மாறுறது நல்லாவே தெரியும். உச்சம்னா காலண்டர் தான். பிப்ரவரி ஏட்டுல வெளிய பனி, ஆட்டுப் பட்டி, தேன்கூட்டுப் பெட்டிங்க, உள்ள துணிய தூக்கிப் பிடிச்சு நெருப்புல குளிர் காயுறாங்க. அதுக்கு முந்தின ஏடு ஜனவரி, அதுல விருந்து மேஜைல டியூக்கே உக்காந்திருக்காரு, தட்டுங்களுக்கு நடுவுல குட்டி நாய்ங்க மேயுது. அழகு, ஆனா இங்க நாம பாக்குறது அவரோட செல்வத்தைத்தான்.

ராணியோடது வெறும் 9.2க்கு 6.2 செ.மீ., உள்ளங்கைல அடங்கிடும். 1324லருந்து 1328க்குள்ள ழான் பூசெல் வரைஞ்சது, நீலத்த கொட்டாம பெரும்பாலும் சாம்பல் நிறத்துலயே உருவங்கள செதுக்கின மாதிரி வரைஞ்சிருக்காரு. முழுப்பக்கப் படம் 25 தான், ஆனா ஓரத்துல குட்டிக் குட்டி உருவங்கள் நூத்துக்கணக்குல. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், இடது பக்கம் இயேசுவ பிடிச்சுக் குடுக்கிற காட்சி, நேர் எதிர்ல கபிரியேல் சம்மனசு மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்ற காட்சி. பிறக்கப் போற சேதியும் சாகப் போற சேதியும் ஒரே விரிப்புல! அந்த மங்கள வார்த்தைக்குக் கீழ 'டி' எழுத்துக்குள்ள ராணியே முட்டி போட்டு ஜெபிக்கிறாங்க, விருந்துல இல்ல, ஜெபத்துல. அந்த ஒரு எழுத்துக்காகவே இது மேலன்னு சொல்லுவேன்.

மூணாவதா சிலர் கெல்டர்ஸ் டியூக்கோட மனைவி கிளீவ்ஸ் கேத்தரினோடத சொல்லுவாங்க, 1440 வாக்குல உட்ரெக்ட்ல பண்ணது, இப்ப நியூயார்க் மார்கன் லைப்ரரில இருக்கு. புனிதர் அம்புரோஸ் படத்த சுத்தி சிப்பியா அடுக்கியிருப்பாங்க பாருங்க, அந்த கற்பனைக்கு ஈடே இல்ல. ஓவியமா டியூக்கோடத விட இத எடுப்பேன், ஜெபத்துக்கு மட்டும் ராணியோடது.

பாக்கணும்னா டியூக்கோடது பிரான்ஸ்ல ஷான்டியிங்கிற ஊர் மியூசியத்துல, ராணியோடது நியூயார்க் கிளாய்ஸ்டர்ஸ் மியூசியத்துல, 1954லருந்து அங்கதான்.

புத்தகத்த பண்ணிக் குடுத்த புருஷன் நாலாம் சார்லஸ் 1328லயே செத்துட்டாரு. ராணி அதுக்கப்புறம் 43 வருஷம் விதவையா இருந்து, 1371ல சாகும்போது இந்தக் குட்டிப் புத்தகத்த அஞ்சாம் சார்லஸ் ராஜாவுக்கு விட்டுட்டுப் போனாங்க. அங்கருந்து அது ராஜாவோட தம்பி கைக்குப் போச்சு, அந்தத் தம்பிதான் பெர்ரி டியூக்.